கச்சான் காலத்து மெழுகு

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கத்தில் யாரிடமும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. மேற்கிலிருந்து அனலாக வீசும் அந்தக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும், ஆறிப்போன சண்டையைக் கிளறிவிடும். நானோ சும்மாவே ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவன். அப்படிப்பட்ட காலம் பார்த்துத்தான், பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற நான் மெழுகில் படம் வரையத் தொடங்கினேன். புத்தியுள்ளவன் மாரி வரும்வரை பொறுத்திருப்பான்.

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருக்கி, நிறத்தூளைக் கலந்து, சூட்டோடு பலகையில் பூச வேண்டும். தூரிகை சட்டியை விட்டு வந்த கையோடு மெழுகு உறையத் தொடங்கிவிடும். பூசியதை மறுபடி சூடு காட்டி இளக்கினால்தான் அடியிலுள்ள பூச்சோடு ஒட்டும். அதற்கு ஒரு ஹீட் கன் வாங்கினேன். தலைமுடி காயவைக்கும் கருவியின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே வீட்டோரக் கடலேரியான களப்பின் மணல், அறுந்த வலைத்துண்டு, சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பதித்தேன். குங்கிலிய வாசம் வளவு முழுக்கச் சுற்றியது.

"என்ன கா, உங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் பூசையா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் கேட்டாள்.

"பூசையெல்லாம் இல்ல. இவரிலதான் பேய் ஏறியிருக்கு" என்றாள் என் மனைவி.

படம் மகளுக்கு. எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் முடிந்த சில மாதங்களில் மருமகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்து, இருவருக்கும் விசாவும் வந்துவிட்டது. தன் அறை யன்னலால் தெரியும் களப்பை மெழுகில் வரைந்து தந்தால் கொண்டுபோவேன் என்றாள் மகள். மெழுகு துணியில் நிற்காது, வெடித்து உதிரும், பலகை வேண்டும். அவளுடைய அறையின் பழைய கதவைக் கறையான் அடியில் அரித்திருந்தது. அரிக்காத மேல்பாதியை அறுத்தெடுத்து வைத்திருந்தேன். அதிலேயே வரைந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீட்டை மகள் பேருக்கு எழுதிவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவில் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மருமகன் கொக்கட்டிச்சோலையிலிருந்து எங்கள் தன்னாமுனைக்கு வந்தான். அருமையான பிள்ளை, அவனைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. அவளை எங்கேயும் அனுப்பத் தேவையில்லை என்ற நினைப்பில்தான் நான் அந்த வீட்டுக்கு அச்சில் கல் அரிந்து சுவர் எழுப்பினேன். இப்போது முன்வீடு பூட்டிக் கிடக்கப்போகிறது. நாங்கள் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருக்கப்போகிறோம்.

மெழுகின் கெட்ட குணம் என்னவென்றால், அதற்கு முடிவு கிடையாது. எண்ணெய் வர்ணம் காய்ந்தால் காய்ந்ததுதான். மெழுகை எப்போது வேண்டுமானாலும் இளக்கலாம். காலையில் கண்டல் மரங்களை வைப்பேன். பின்னேரம் பிடிக்காமல் வழித்தெடுப்பேன். தண்ணீரின் நிறம் சாம்பலாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டே இருந்தது. நான் வரையும் தகரக் கொட்டிலுக்குள் கச்சான் சூட்டில் பலகை எந்நேரமும் பிசுபிசுத்தது, தொட்டால் நகம் பதிந்தது. படத்தை முடிக்காமல் இழுக்க அதையும் ஒரு சாட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் படம் சரியாக வந்துவிட்டது. தோணி இல்லை, மரம் இல்லை, விடிந்த கையோடு தெரியும் வெறும் தண்ணீர். "இதுதான். இனி கை வைக்காதீங்க" என்றாள் மனைவி. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். கரை கொஞ்சம் சரிந்திருப்பதாகப் பட்டது. ஹீட் கன்னை எடுத்தேன். அவ்வளவுதான், எல்லாம் வழிந்து சேறாகிவிட்டது.

மகள் வந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஏனப்பா? நல்லாத்தானே இருந்தது."

"கரை சரியில்ல புள்ள. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

"படம் முடிஞ்சாத்தான் நான் போவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்க. முடியாட்டியும் போவனப்பா."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் வந்தது. "எனக்குப் படம் கீறப் படிப்பிக்க வாறியா?" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். அன்று முழுக்கக் களப்போரமாக நடந்து திரிந்தேன். வெயிலில் தலை சுட்டதே தவிர மனம் ஆறவில்லை.

மறுநாள் இருந்து, சேற்றுக்கு மேலேயே மெல்லிய பூச்சுகளாகப் போட்டேன். பழைய தண்ணீர் திரும்ப வரவில்லை. வேறொரு தண்ணீர் வந்தது, கொஞ்சம் கலங்கல். வழித்தெடுக்கக் கை துடித்தது. ஹீட் கன்னை மனைவியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். பயணத்தன்று படத்தை மெழுகுத்தாளில் சுற்றி, பழைய போர்வையால் மூடிக் கட்டினேன். அப்போதும் அது இறுகவில்லை. "அங்க போய் இறுகும்" என்றேன் மகளிடம்.

மாரி பிறந்து இங்கே மழை கொட்டிய ஒரு காலையில் அவள் வீடியோவில் அழைத்தாள். படத்தைத் திருப்பிக் காட்டினாள். கல் போல இறுகியிருந்தது. கடுங்குளிரில் கரையோரமாக நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

நான் எழும்பிவிட்டேன். "தலை காயவைக்கிற மெசின் இருக்குதா? எடு. தள்ளிப் பிடி, மெதுவாக் காட்டு..."

"நான் தொடமாட்டன். நீங்களே வந்து உருக்குங்க."

"அவ்வளவு தூரம் நான் எப்படிப் புள்ள வாறது?"

"மகள்ட வீட்டுப் பின்வளவிலதானே தாய் தகப்பன் இருக்கிறது. எனக்கு இப்ப வீடு இஞ்சதான் அப்பா."

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஹீட் கன்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

மழை விட்டதும் இருவரும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க டவுனுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் என்னை ஸ்டூலில் இருத்தி, "அசையாம இருங்க ஐயா" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார்.

"அவரால ஏலாது தம்பி" என்றாள் என் மனைவி. "நீங்க எடுங்க."