மூட்டைப்பூச்சியும் ஞானத்தாயும்

உட்காரும் கதிரைக்குப் பிரம்பு பின்னுகிற என்னைப் போன்றவன், வீட்டுக்காரரின் முகத்தைவிட அவர்கள் வீட்டு மூட்டைப்பூச்சியைத்தான் முதலில் பார்க்கிறான். அதைக் கண்டுவிட்டால் மானம் போச்சு என்ற பயம் எல்லா வாசலிலும் உண்டு. கடிபட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலியோரக் கதிரை

தாழ்வுபாடு என்ற ஊரில் ஒரு வீடு. நிலம் அப்படித் துப்புரவு. கால் வைக்கக் கூசியது. கதிரையை மட்டும் வேலியோரம் வைத்திருந்தார்கள். பழைய பிரம்பை அறுத்ததும் துளைகளிலிருந்து பூச்சி இறங்கியது. அறுபத்துநாலு துளை; ஒன்றும் வெறுமையில்லை. நான் தலை நிமிரவில்லை. வீட்டுக்காரி மெல்லச் சொன்னார்: “ஐயா, பூச்சி எங்கட வீட்டில இல்லை. கதிரையிலதான் இருக்கு.”

உள்ளே ஒரு சமையல்

உப்புக்குளத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் எதையும் ஒளிக்கவில்லை. “மூட்டை இருக்கு, பாத்து இருங்கோ” என்றே வரவேற்றார். வெறும் இரத்தத்தைக் குடித்து இது எப்படி இப்படிப் பெருகுகிறது என்று கேட்டேன். இரத்தத்தில் போதாத விற்றமின்களை, பூச்சியின் உடற்கலங்களுக்குள் குடியிருக்கும் பக்டீரியா செய்து கொடுக்கிறதாம். தாயின் முட்டை வழியே அது குஞ்சுக்கும் போகிறதாம். அது இல்லாவிட்டால் குஞ்சு சரியாக வளராது, முட்டையும் குறையும். “நாங்கள்தான் அடுப்பு மூட்டவேணும் அண்ணை. அதுக்குச் சமையல்காரர் உள்ளுக்கையே இருக்கினம்.”

இரவல் கதிரை

ஓலைத்தொடுவாயில் றோசம்மாவின் இரண்டு கதிரையை, இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுச் செல்வி இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்திருந்தாள். பிறகுதான் றோசம்மாவுக்குக் கடி தெரிந்தது. முகாம் அழுக்கோடு வந்த பூச்சி என்றார். செல்வியின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கச் சம்மதித்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

பிரம்பை அவிழ்த்தேன். சட்டத்தின் இடுக்கில் கறுத்துக் காய்ந்த கறை, அடுக்கடுக்காய் உரித்த தோல். செல்வி வருமுன்னமே பூச்சி குடியேறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பேச்சுக் குறைந்தவன் நான். சட்டத்தைத் திருப்பி றோசம்மாவுக்குக் காட்டினேன். “இதுக்கு அழுக்கு வேண்டாம் பிள்ளை. எங்கட இரத்தம் போதும். மிச்சத்தை அதுக்குள்ள இருக்கிற பக்டீரியா பாத்துக்கொள்ளும்” என்றேன்.

றோசம்மா அந்தக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு வேலியடிக்குப் போனார். “செல்வி, பூச்சி என்ர கதிரையில முந்தியே இருந்திருக்கு. ஞானத்தாய்க்கு வேற ஆளைப் பாத்திட்டியோ?”

செல்வி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “இல்லை அக்கா. நீங்கள் வாங்கோ. கதிரையை மட்டும் விட்டிட்டு வாங்கோ.”

ஊரோடு இருந்தவர், போய் வந்தவர் என்று பாராமல் எல்லாரையும் ஒரே மாதிரிக் கடிப்பது, நான் கண்டமட்டில், மூட்டைப்பூச்சி ஒன்றுதான்.