யப்பான்காரியின் தலைமயிர்

பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வாரம் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அன்ரி, இதப் பாருங்க. கியாருவாம். யப்பான் ஸ்டைல். பழையபடி வருகுதாம்." மஞ்சள் தலைமயிர், விசிறி மாதிரி இமை, தடித்த அடிச் சப்பாத்து. விரும்பியதை உடுத்தினால் தன்னம்பிக்கை வரும் என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் கோலத்தோடு இதே ஊரில், இயக்கமும் ஆமியும் இருந்த காலத்தில் வாழ்ந்தவள் நான். எனக்கு அதனால் என்ன வந்தது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அக்காவின் புருசன் அப்போது யப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்கள் செட்டிபாளையத்து வீட்டுக்கு அவர் அனுப்பும் பெட்டிகளில் கோப்பை, பீங்கான் எல்லாம் உடையாமல் பழைய சஞ்சிகைத் தாள்களில் சுற்றி வரும். அக்கா கோப்பைகளை எடுத்துக்கொள்வாள். நான் தாள்களின் கசங்கலை நீவி பாய்க்குக் கீழே வைப்பேன். அதில்தான் அந்தப் பெண்களை முதலில் பார்த்தேன். வெள்ளைத் தோலோடு பிறந்தவர்கள் விளக்கு வெளிச்சத்தில் படுத்துக் கிடந்து தங்களைக் கறுப்பாக்கிக்கொள்கிறார்களாம். அத்தான் தொலைபேசியில் வெறுப்போடு விளங்கப்படுத்தினார். "அதுக்குக் கியாரு என்டு சொல்றது. நல்ல குடும்பத்துப் பிள்ளையள் அப்பிடித் திரியாதுகள்."

வீட்டில் என் பெயர் கறுப்பி. செல்லமாகக் கூப்பிடுகிறோம் என்பார்கள். செல்லம் என்றால் ஏன் வெள்ளிக்கிழமை தவறாமல் கடலைமாவும் மஞ்சளும் குழைத்து என் முகத்தில் அப்பினார்கள்? என் முகத்தில் பூசாத கிறீம் காத்தான்குடிக் கடைகளில் இல்லை. உலகத்தின் ஒரு மூலையில் என் நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பெண்கள் படுத்துக் கிடக்கிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? சந்தோசமும் அந்தக் கோபத்துக்குள்ளேதான் இருந்தது. எனக்கு விளக்கு தேவையில்லை. பாதி வேலையைக் கடவுள் ஏற்கெனவே முடித்து அனுப்பியிருந்தார். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வதாக முடிவெடுத்தேன்.

மிச்சம்தான் உயிரை வாங்கியது. மயிரை வெளுக்கும் தூளைக் காத்தான்குடியில் ஒரு பான்சிக் கடையில் பிடித்தேன். ஒட்டு இமையும் அங்கேதான். கடைக்காரர், "கலியாணப் பொண்ணுக்கா புள்ள?" என்று கேட்பார். ஓம் என்பேன். மாதத்துக்கொரு கலியாணம் எங்கள் குடும்பத்தில் நடந்ததாக அந்த மனிசன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கலாம். வெளுத்த மயிரை எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரில் அலசினால் தும்பாகிவிடும். எண்ணெய் வைத்தால் கோலம் கெடும், வைக்காவிட்டால் முறியும். சுருட்டுகிற மெசினுக்கு மின்சாரம் எங்கே? பப்பாசித் தண்டுகளை வெட்டி அதில் ஈரமயிரைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். சப்பாத்துக்கு, தேய்ந்த இறப்பர் செருப்புகளை அளவாக வெட்டி அடுக்கடுக்காக ஒட்டினேன். கடற்கரை மணலில் அதோடு நடக்கிறவளைப் பார்த்து நாய்கள்கூட ஒதுங்கின. மூக்குத்தண்டில் வெள்ளைக்கோடு இழுக்க ஒன்றும் கிடைக்காமல் விபூதியைக் குழைத்துப் பூசினேன். அம்மா முதல் நாள் பக்தி என்று நினைத்துச் சந்தோசப்பட்டார். கண்ணைச் சுற்றியும் பூசியதைப் பார்த்த பிறகு விபூதித் தட்டத்தை ஒளித்துவிட்டார்.

இதையெல்லாம்விட மோசம், அதை விடாமல் செய்வது. ஒரு நாள் வேசம் போடுவது வேறு. உச்சியில் கறுப்பு முளைக்க முளைக்கத் திரும்பவும் தூளைக் குழைக்க வேண்டும், திரும்பவும் தோல் எரிய வேண்டும். வெயிலில் பசை உருகி இமை கன்னத்தில் வந்து குந்தும். ரவுனில் ஒரு தொலைபேசிக் கடையில் எனக்கு வேலை. பஸ்ஸில் போகும்போது பெண்கள் என் பக்கத்தில் இருக்காமல் நின்றுகொண்டு வருவார்கள். கோயிலில் ஐயர் திருநீற்றை எறிகிற மாதிரித் தந்தார். ஊரில் யப்பான்காரி என்று பெயர் வைத்தார்கள். அதிகமாக ஏசியது அம்மாவின் தங்கச்சி, எங்கள் பக்கத்து வளவில் இருந்த சின்னம்மா. "உன்னப் பார்த்தாச் சந்தியில நிக்கிறவள் மாதிரிக் கிடக்கு. எங்கட குடும்பத்துக்கு இது தேவையா?" என்று வேலிக்கு மேலாகக் கேட்பார். ரோட்டில் போகிற எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார்.

அது சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம். வெடிச் சத்தம் குறைந்திருந்தது, பிள்ளை பிடிப்பது குறையவில்லை. சின்னம்மாவின் ஒரே மகளை, என் தங்கச்சியை, ரியூசனுக்குப் போய்வரும் வழியில் இயக்கம் கொண்டுபோயிருந்தது. அப்போது வேலிக்கு மேலாக யாரும் எதுவும் கேட்கவில்லை. துவக்குத் தூக்கப் போன பிள்ளையைப் பற்றி ஊர் வாயைத் திறக்காது. மஞ்சள் தலைமயிர்க்காரியை ஏசத்தான் ஊருக்கு வாய் இருந்தது.

பிறகு இயக்கம் இரண்டாக உடைந்தது. கிழக்குப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தங்கச்சியும் வந்தாள். காதோடு கட்டையாக வெட்டிய தலைமயிரோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த மயிருக்கு ஒரே அர்த்தம்தான். இடுப்புவரை மயிர் வளர்க்கிற ஊரில் பிடரியில் வெட்டிய பெண்பிள்ளை எங்கே இருந்து வந்தவள் என்று குழந்தையும் சொல்லும். திரும்பக் கொண்டுபோக ஒரு பகுதி தேடியது. மற்றப் பகுதியும் தேடியது. ஆமிக்கும் அந்த அடையாளம் தெரியும். பிள்ளை வந்த வீடுகளில் சவுரி முடி வாங்கினார்கள், மயிர் வளரும்வரை அறைக்குள் பூட்டி வைத்தார்கள். அப்படியிருந்தும் அயலூரில் இரண்டு பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே சுடுபட்டுச் செத்தார்கள்.

தங்கச்சியைக் கொழும்புக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அங்கே சின்னம்மாவின் புருசனுடைய உறவினர் ஒருவர் இருந்தார், அங்கிருந்து வெளிநாடு. ஆனால் கொழும்பு பஸ் ஏற ரவுனுக்குப் போக வேண்டும். போகும் வழியில் பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடி, சென்றி என்போம். அங்கே பெண்களைத் தனியே கூப்பிட்டு, முக்காட்டை எடுத்து, பின்னலை இழுத்தும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சவுரி கையோடு வந்துவிடும். மயிர் வளரும்வரை காத்திருக்கவும் முடியாது. முதல் நாள்தான் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையில் மெதுவாகப் போய்த் திரும்பியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் சின்னம்மா எங்கள் குசினிக்குள் வந்து அடுப்படியில் நின்றார். முகத்தைப் பார்க்காமல் கதைத்தார்.

"உன்ன அந்தச் சென்றியில ஒண்டும் கேக்கிறல்லத்தானே?"

கேட்பதில்லைத்தான். ஆரம்பத்தில் அடையாள அட்டைப் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். "யப்பான் நங்கி", யப்பான் தங்கச்சி என்று சிங்களத்தில் கத்திச் சிரித்துவிட்டுப் போகவிடுவார்கள். அவர்களுக்கு நான் ஒரு விளையாட்டுச் சாமான்.

"ஓம், கேக்கிறல்ல," என்றேன்.

"அப்ப அவளுக்கும் அதப் பூசி விடு புள்ள. உன்னப்போல ஆக்கி விடு."

இத்தனை நாளும் என்னைச் சந்தியில் நிற்கிறவள் என்று சொன்ன வாய் அது. இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்காமல் தூளை எடுக்கப் போனேன்.

தங்கச்சியை முற்றத்துக் கதிரையில் இருத்தி, தூள் குழைக்கிற பெரொக்சைட் போத்தலைத் திறந்தேன். அவள் மணந்து பார்த்தாள். "இது புண் கழுவுறதெல்லோ, அக்கா?" என்றாள். தலையில் காதுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு இருந்தது. தூள் பட்டால் எரியும் என்றேன். பரவாயில்லை என்றாள். எரிந்திருக்கும், அசையவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு அடிக்கும்போதுதான் முதல்முறை வாய் திறந்து சிரித்தாள். "நாங்களும் முகத்தில கரி பூசுறதுதான். ஆனா இவ்வளவு வடிவா இல்ல." எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் இமையை நேராக ஒட்ட முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். சரிவரவில்லை. என் தலையில் மஞ்சள் மயிர் முதுகுவரை சுருண்டு கிடந்தது. அவளுக்குக் காதோடு நின்றது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நான் யப்பான்காரி, அவள் மயிருக்கு நிறம் பூசிய இயக்கப் பிள்ளை. ஒருத்திக்கு மட்டும் கட்டை மயிர் என்றால் சந்தேகம், இரண்டு பேருக்கும் என்றால் கோலம். கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "என்டதையும் உன்னளவுக்கு வெட்டு," என்றேன். அவள் வெட்டினாள். நேர்த்தியாக வெட்டினாள், அங்கே எத்தனையோ பிள்ளைகளுக்கு வெட்டியிருக்கிறாள். அவ்வளவு காலம் பப்பாசித் தண்டிலும் உவர்த் தண்ணீரிலும் பாடுபட்டுக் காப்பாற்றிய மயிரை அம்மா கூட்டி அள்ளி அடுப்பில் போட்டார்.

மறுநாள் காலை செருப்படுக்கிய சப்பாத்துகளோடு இரண்டு பேரும் சென்றியில் இறங்கினோம். அவளுக்கு அந்தச் சப்பாத்தில் நடக்கத் தெரியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். அந்தத் தள்ளாட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். பயிற்சி எடுத்தவள் அப்படி நடப்பாள் என்று யார் நம்புவார்கள்? "இண்டைக்கு ரெண்டு யப்பான்!" என்று ஒருவன் கத்தினான். ஒருவன் விசிலடித்தான். பெண் சிப்பாய் என் தலையைத் தொட்டு, அவள் தலையைத் தொட்டு, மூக்கைச் சுளித்துவிட்டுப் போகச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் இருந்தபடி தலையில் அடித்துக்கொண்டார்கள். தங்கச்சி கொழும்பு பஸ்ஸில் ஏறினாள். யன்னலால் கையாட்டும்போது ஒரு பக்க இமை கழன்று தொங்கியது.

அவள் தப்பினாள். கட்டை மயிர் என்னிடம் நின்றது.

ஒரு கிழமைக்குள் அந்த மோட்டார் சைக்கிள் எங்கள் படலையில் வந்து நின்றது. "கட்டைத் தலைமயிர்ப் பிள்ளை எங்கே?" என்று கேட்டார்கள். வேலைக்குப் போயிருந்தேன். அன்றே அம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போய் நேர்த்திக்கடன் என்று சொல்லி மொட்டை அடித்தார். மொட்டைக்குச் சாமி காரணம் என்றால் எந்தப் பகுதியும் கேள்வி கேட்காது. முளைத்தது கறுப்பு மயிர். அதற்குப் பிறகு நான் எதையும் பூசவில்லை. ஆசை போய்விட்டதென்று இல்லை, அம்மா ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு இமை ஒட்ட முடியவில்லை.

மயிர் தோளுக்கு வந்த காலத்தில் செங்கலடியிலிருந்து ஒரு வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டார். "தலைமயிர் கட்டையா வெட்டியிருந்த பிள்ளை இவதானாமே? இயக்கத்தில இருந்து வந்தவ என்டு கதைக்கிறாங்க."

கேட்டது சின்னம்மாவைப் பார்த்து. தங்கச்சி அப்போதும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். நானும் அம்மாவும் வாயைத் திறந்தால் மயிர் வெட்டிய காரணம் வெளியே வந்து அவள் பிடிபடுவாள், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் சின்னம்மா "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதனால் யாருடைய உயிரும் போயிராது. சின்னம்மா சொன்னது இதுதான். "பழைய கதை இப்ப என்னத்துக்கு? இப்ப நல்ல பிள்ளை."

அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். பிறகு வருவதும் நின்றுபோனது.

சண்டை முடிந்தது. தங்கச்சி வெளிநாட்டில் கலியாணம் கட்டினாள், நல்லாக இருக்கிறாள், தீபாவளிக்கு எனக்குச் சீலை அனுப்புவாள். சென்றிகள் போய்விட்டன, மோட்டார் சைக்கிள்காரர்களும் போய்விட்டார்கள். ஒரு நாள் சின்னம்மாவிடம் கேட்டேன். "இனியாவது கேக்கிற ஆக்களுக்கு உண்மையச் சொல்லலாமே, சின்னம்மா? இயக்கத்தில இருந்தது நான் இல்லையெண்டாவது சொல்லுங்களன்."

அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை எடுக்காமல் சொன்னார். ஏசவில்லை, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்.

"அவளுக்குப் பொம்புளப் பிள்ளை ஒண்டு இருக்கு, புள்ள. நாளைக்குக் கலியாணம் பேச ஆக்கள் விசாரிப்பாங்க. உனக்குத்தான் ஒண்டும் இல்லையே."