சம்பந்தம் வேண்டாம் என்ற சீனியம்மா அக்கா

சீனியம்மா அக்கா போயிட்டாங்க. நேற்று காலை... தூங்கி எழவே இல்லையாம்.

கோவில்பட்டி போய் எல்லாம் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். மனசு ஆறவில்லை, அதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியவர். அவர் பேச்சுக்கு நான் சிரித்துத் தொலைப்பேன், சூப்பர்வைசரிடம் திட்டு எனக்குத்தான் விழும்.

அவர் மகன் கண்ணன் ஓடியாடித் திரிந்த பிள்ளை. ஒண்ணாப்பு போன வருஷம் சும்மா நிற்கும்போதே விழ ஆரம்பித்தான். "செருப்புதான்ட்டி பெருசு" என்று அக்கா சின்னச் செருப்பு வாங்கிப் போட்டார்.

அப்புறம் பேச்சு குழறியது. பார்வை மங்கியது. கடைசியில் கஞ்சி விழுங்கக்கூட மறந்துபோனான் பாவி...

பரம்பரை நரம்பு நோய், மருந்து கிடையாது என்றார் மதுரை டாக்டர். அக்காவும் வீட்டுக்காரரும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. இரண்டு பேர் உடம்பிலும் ஒளிந்திருந்தது பிள்ளையிடம் சேர்ந்துவிட்டதாம். ஊரில் சாமி குத்தம் என்றார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் கவிதா நன்றாக இருந்தாள். அவள் சடங்குக்கு அக்காவின் அண்ணன் மேளத்தோடு சீர் கொண்டுவந்தார். தட்டை இறக்கியதும், "இனி இவ எங்க வீட்டு மருமவ" என்றார். அவர் மகன்தான் முறைப்பையன்.

அக்கா நடுவீட்டில் எழுந்து நின்றார்.

"சீரு போதும்ண்ணே. சம்பந்தம் வேண்டாம்."

"என்னட்டி பேசுத, சபையில வச்சு?"

"உள்ள படுத்துக் கெடக்கானே, அவனப் பாத்துட்டு வந்து பேசு. இவ வயித்துலயும் அது வரணுமா?"

அண்ணன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திமிர் பிடித்தவள் என்ற பேர்தான் அக்காவுக்கு நிலைத்தது.

மறு வருஷம் கண்ணன் போனான். தாய்மாமன் வீட்டிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. அக்கா அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று, பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்த பிறகு அண்ணன் வந்தார், சேலையோடு, தனியாக. சொந்தம் விட்டு அசலில் கல்யாணம் முடித்துப் போன கவிதா வாசலை மறித்துக்கொண்டாள்.

"தம்பிக்கு வராதவிய இப்ப எதுக்கு மாமா வந்திய?"

"உங்க அம்மாட்ட சொல்லிக்கிடுதேன் தாயி... வழிய விடு."

அவர் கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். அப்புறம் நகர்ந்துகொண்டாள்.

உங்க அண்ணன் சேலையோடதான் போறீங்க அக்கா. மனசு ஒப்பலைன்னா, அவரு அங்கன வரும்போது வச்சுத் திட்டுங்க... போயிட்டு வாங்க.