நாலாவது கை

வேட்டைத் துவக்குக்குப் போடும் எண்ணெயும், குளிப்பாட்டி இன்னும் ஈரம் காயாத நாயும், மிளகுதூள் பிரட்டி ஈ வலைக்குக் கீழே தொங்கவிட்ட மரைமான் இறைச்சி வத்தலும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். யாழ்ப்பாணம் விட்டு வந்து நாங்கள் குடியேறிய டண்டினொங்கில், வீட்டுக் கராஜுக்குள் கோடை முழுக்க அந்த மணம்தான். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணீர்த் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவா. எனக்கோ அது பிடிக்கும். இப்போது அந்த மணத்தை நினைத்தால் முதலில் வாயூறுகிறது, அடுத்த நொடியே கோபம் வருகிறது.

இந்த நாட்டில் ஆனி ஆடிதான் குளிர், தை மாசிதான் கோடை. குளிர்காலத்தில் அப்பாவும் கூட்டாளிமாரும் நாய்களோடு மலைப்பக்கம் மரை வேட்டைக்குப் போவார்கள். கார்த்திகை மாதத்தோடு அது முடிந்துவிடும். பிறகு சித்திரை பிறக்கும்வரை உள்ள மாதங்களை அவர்கள் 'சும்மா காலம்' என்பார்கள். சும்மா காலத்தில் அவர்கள் சும்மா இருந்ததே கிடையாது. சனிக்கிழமை காலையில் நாய்க்கு உண்ணி பிடுங்குவார்கள், சப்பாத்துக்கு மெழுகு பூசுவார்கள், தப்பிப்போன மரையின் கொம்பைக் கிழமைக்கொரு சாண் நீட்டுவார்கள், மத்தியானம் திரும்பியதும் 'கடதாசி' விரிப்பார்கள். சீட்டுக்கட்டைத்தான் சொல்கிறேன். முந்நூற்றிநாலு என்கிற அந்த விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும், இரண்டு இரண்டாகச் சோடி. துரும்புச் சீட்டு எது என்பது கவிழ்த்து வைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

நாலு பேர் சரியாக இருந்தார்கள். அப்பா, அவரோடு யாழ்ப்பாணத்தில் படித்த பாலா அங்கிள், மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்து இவர்களிடம் முந்நூற்றிநாலும் வேட்டையும் ஒருசேரப் பழகிய செந்தில் அங்கிள், நாலாவது சீலன் அங்கிள். சீலன் அங்கிள் ஒட்டுசுட்டான் காட்டுப்பக்கத்துக்காரர். அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். மனைவியும் என் வயதில் ஒரு மகளும் ஊரில். அவருக்குத் துவக்கு அனுமதி கிடையாது. அவர் துவக்கைத் தொட்டதும் கிடையாது. மற்றவர்கள் துவக்குத் துடைக்கும்போதுகூடக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். ஆனால் ஈர மண்ணில் ஒரு குளம்படியைப் பார்த்து, "இது காலமை போன பெட்டை மரை, குட்டியும் நிக்குது, விடுங்கோ," என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரால்தான் முடியும். அவர் இல்லாவிட்டால் மற்ற மூன்று பேரும் மலைக்குப் போய்ப் பாணும் சம்பலும் தின்றுவிட்டு வந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த விளையாட்டில் சேர எனக்குக் கொள்ளை ஆசை. கேட்டால் பாலா அங்கிள், "பெட்டையளுக்கு என்ன கடதாசி? போய்ப் படி," என்று துரத்துவார்.

2013 பிறந்த கோடையில் சீலன் அங்கிளுக்கு விசா விசாரணை வந்தது. அவரை நன்றாகத் தெரியும், நல்ல மனிதர் என்று இந்த நாட்டுப் பிரஜைகள் யாராவது எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அப்பா அவருடைய முதுகில் தட்டி, "இதெல்லாம் ஒரு விசயமே? அடுத்த சனி வாரும், மூண்டு பேரும் எழுதித் தாறம்," என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இடையில் யாரோ ஒரு புண்ணியவான் பொலிசுக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான், படகில் வந்த ஒருவன் எங்கள் வீட்டுத் துவக்கை எடுத்துச் சுடுகிறான் என்று. இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், துவக்குப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார்கள், அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விசயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காட்டுப் பன்றிக்கு அஞ்சாத மூன்று ஆம்பிளைகளும் அந்தக் கடிதத்துக்கு நடுங்கினார்கள்.

"எங்களுக்கேன் தேவையில்லாத வில்லங்கம்?" என்றார் பாலா அங்கிள். "அவர் நல்லதுக்கும்தாங்க சொல்றேன்," என்றார் செந்தில் அங்கிள். "கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாம விடுவம்," என்று அப்பா முடித்துவைத்தார். அதை அவரிடம் சொல்லும் நேர்மைகூட ஒருவருக்கும் இல்லை. அந்தக் கிழமை முழுக்க அப்பாவின் போன் அடித்தது. அப்பா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிவி பார்த்தார்.

சனிக்கிழமை வந்தது. மூன்று பேர்தான். பாலா அங்கிள் கராஜுக்குள்ளிருந்து கூப்பிட்டார்: "பிள்ளை, ஒரு கை குறையுது. வா, வந்து இரு."

நான் ஓடிப்போய் இருந்தேன். எவருடைய கதிரை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில் வாசல் மணி அடித்தது. அப்பா என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "போய், அப்பா வீட்டில இல்லையெண்டு சொல்லு."

கதவைத் திறந்தேன். சீலன் அங்கிள் இஸ்திரி போட்ட சேட்டோடு, கையில் ஒரு கோப்போடு நின்றார். அவருக்குப் பின்னால் வீதியில் பாலா அங்கிளின் காரும் செந்தில் அங்கிளின் காரும் பட்டப்பகலில் பளிச்சென்று நின்றன.

"அப்பா வீட்டில இல்லை, அங்கிள்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். அவசரத்தில் கடதாசியை விசிறியாக விரித்துப் பிடித்தபடியே வந்திருந்தேன்.

"கவிட்டுப் பிடிக்கோணும், பிள்ளை," என்றார். "எல்லாம் தெரியுது." பிறகு, "செவ்வாய்க்கிழமை விசாரணை. வந்தனான் எண்டு மட்டும் சொல்லி விடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நான் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தேன். அந்த ஆட்டத்தில் வென்றேன் என்பதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

அவருக்கு விசா மறுக்கப்பட்டது என்று பிறகு கோயிலில் யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். சிலர் சிட்னிக்குப் போனார் என்றார்கள், சிலர் ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அந்த மூன்று கடிதமும் இருந்திருந்தால் விசா கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மூன்று தாளில் பத்துப் பத்து வரி எழுத ஆருக்குக் கை முறிந்தது?

இன்று அந்தக் கராஜில் வாடகைக்கு இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். நாய்கள் செத்துப்போயின, அப்பா துவக்கை ஒப்படைத்துவிட்டார், மூன்று பேரும் கலியாண வீடுகளில்தான் சந்திக்கிறார்கள். போன மாதம் அப்படி ஒரு கலியாணத்தில் அப்பா புதுப் பெடியங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு பழைய வேட்டைக் கதை விட்டுக்கொண்டிருந்தார். "சீலன் எண்டு ஒருத்தன் இருந்தவன். அவனைப் போல ஒரு கூட்டாளி அதுக்குப் பிறகு எனக்கு வாய்க்கேல்லை," என்றார். குரல்கூடத் தழுதழுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் இப்ப எங்க இருக்கிறார், அங்கிள்?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"ஆருக்குத் தெரியும்? அப்பிடியே தொடர்பு விட்டுப்போச்சு," என்றார் அப்பா.

"விட்டுப்போகேல்லை," என்றேன் நான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அவர் வந்தவர். நீங்கள் வீட்டில இல்லையெண்டு நான்தான் சொல்லி அனுப்பினனான்."