மைக்கில் பதில் சொன்ன ஜெயசுதா

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் தேறியதை ஊருக்கு அறிவித்தவள் என் அத்தை ஜெயசுதா. யாரும் அவளைக் கேட்கவில்லை. கூழ் ஊற்றும் திருவிழாவுக்காக மைக் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தவள், எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினாள். "இந்தத் தெருவுலயே மொத டிகிரி, எங்க வூட்டுப் புள்ள!" அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவே நம்பினாள்.

பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சாவு, ரேஷன், கரண்ட் கட், தடுப்பூசி முகாம் எதுவானாலும் அத்தை குரலில் வந்தால் நிச்சயம்.

போன வருடம் மைக் செட் பாக்யராஜ் ஒரு யோசனையோடு வந்தான். திருவிழா பேனரில் அம்மன் படம் போடுவதும், அம்மன் பாட்டைப் பாடுவதும் ஏற்கெனவே அவன் கடைக் கம்ப்யூட்டர்தான்.

"இன்னாத்துக்குக்கா வெயில்ல அலையிற? பழைய ரெக்கார்டிங் எல்லாம் எங்கிட்ட கீது. நான் டைப் பண்ணா போதும், ஒங் கொரலே பேசிடும்."

அத்தை ஒப்புக்கொண்டாள். கழனியில் களை எடுத்துக்கொண்டே ரோட்டில் போகும் தன் குரலைக் கேட்டுச் சிரித்தாள்.

நவரைப் பட்டத்து நெல்லுக்கு ஏரியில் தண்ணீர் குறைவு. யாருக்கு முதலில் மதகு திறப்பது என்று முடிவுசெய்ய ஏரிச் சங்கம் கூட்டம் வைத்திருந்தது. அன்று காலை, வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் எங்கள் கடைமடைத் தெருக்களில் மட்டும் பாக்யராஜின் ஆட்டோ ஓடியது. "இன்றைய சங்கக் கூட்டம் ரத்து செய்யப்படுகிறது." அத்தையின் குரல். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் போகவில்லை. ஆனால் கூட்டம் நடந்தது. மதகை ஒட்டிய தலைமடை நிலம் முழுக்கப் பாய்ந்து, மிச்சம் இருந்தால் கடைமடைக்கு என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். எங்கள் நாற்றங்கால் காய்ந்துபோகும்.

சாயங்காலம் அத்தை வீட்டு வாசலில் கூட்டம். "ஒன் வாயாலதான சொன்ன?"

அத்தை என்னை இழுத்துக்கொண்டு நேராகப் பாக்யராஜ் கடைக்குப் போனாள்.

"தலைமடையிலேந்து போன் பண்ணாங்க, டைப் பண்ணேன். நெசமா பொய்யான்னு எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"நானா இருந்தா தலைவருக்கு ஒரு போன் போட்டுட்டுதான் வாயத் தொறப்பேன். அழிடா என் கொரல."

அழித்தான். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "போயிடுச்சாடா?"

எனக்குச் சோறு போடுவதே இந்த மாதிரி மென்பொருள்தான். பொய் சொல்ல முடியவில்லை. "இதுல போயிடுச்சு அத்த. வேற எங்க கீதுன்னு சொல்ல முடியாது."

"மீதிய நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை சங்கத் தலைவர் வீரமணி வீட்டில் நின்றாள். "மறுபடியும் கூட்டம் போடுங்கண்ணா."

"தீர்மானம் ஆயிடுச்சும்மா. கடைமடைக்காரங்க திரண்டு வந்து கேட்டா, சாயங்காலமே வெச்சி மாத்தலாம். வருவாங்களா?"

"வருவாங்க."

நான் லீவு போட்டு ஆட்டோ ஓட்டினேன். பக்கத்தில் மைக்கோடு அத்தை. முதல் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கம்ப்யூட்டர் வருது, கதவச் சாத்து" என்று ஒரு குரல். குழாயடியில் விஜயகுமாரி கையை நீட்டி மறித்தாள்.

"இன்னாடி, நேத்து ரத்துன்ன, இன்னிக்கிக் கூட்டம்ன்ற? எத நம்பறது?"

அத்தை மைக்கை இறக்கவே இல்லை. "மொதல்ல கொடத்தப் பாருடி விஜயகுமாரி, வழியுது."

தெரு சிரித்தது. விஜயகுமாரி விடவில்லை. "கண்ணு தெரியற கம்ப்யூட்டரா இருந்தா?"

"எங் குக்கர வாங்கினு போயி நீ திருப்பித் தராதது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். கதவுகள் திறந்தன. ஆளாளுக்குச் சோதித்தார்கள்.

"யக்கா, எங்க மாடு இன்னா கன்னு போட்டுச்சி?"

"கெடேரி. தெருவுல சீம்பால் குடுக்காத ஒரே வூடு ஒன் வூடுதான்."

வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே கேட்டார்கள். கேலிக்குக் கேலி, திட்டுக்குத் திட்டு, எல்லாவற்றுக்கும் மைக்கிலேயே பதில். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், "சாயங்காலம் கூட்டம். நான் தலைவர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். இனிமே நான் நேர்ல வந்து சொன்னாதான் என் பேச்சி." கடைசித் தெருவில் அவள் தொண்டை கட்டிப்போயிற்று. அதற்கும் ஒருத்தி, "ஏன், பேட்டரி போயிடுச்சா?" என்றாள்.

சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் இடம் போதவில்லை. பாதிப் பேர் வெளியே நின்றார்கள். பாக்யராஜுக்கு யார் போன் செய்தது என்று கடைசிவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கத்தல் அடங்க நேரம் பிடித்தது. தலைமடைக்கு ஒரு நாள், கடைமடைக்கு ஒரு நாள், மாற்றி மாற்றித் தண்ணீர் என்று முடிவானது. முதல் முறை எங்களுக்கு.

வீரமணி அத்தையிடம் வந்தார். "தொண்ட போயிடுச்சேம்மா. இந்த முடிவ மட்டும் பாக்யராஜ் வேற கொரல்ல டைப் பண்ணிப் போட்டுடட்டுமா?"

அத்தை வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பேச்சு பாதி காற்றாகத்தான் வந்தது.

"ஒரு டம்ளர் வெந்நி குடுங்கண்ணா. நானே போறேன்."

நான் ஆட்டோவைக் கிளப்பினேன்.