துளசிங்கத்தின் ஹாப்ஸ் பூ

துளசிங்கம் மரிக்கொழுந்தில் ஒரு கிள்ளு எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, மூக்கை அதற்குள் புதைத்தார்.

"நீ இப்டி தேச்சிகினே இருந்தா நான் இன்னாத்த விக்கிறது? வாங்கினு போய் வூட்ல தேய்யா!" என்று கத்தினாள் பூக்காரி குப்பம்மாள்.

திருத்தணி மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை வைத்திருக்கிறார் துளசிங்கம். கடைத்தெருவில் அவர் கசக்காத தழை கிடையாது. துளசியானாலும் கொத்துமல்லியானாலும் தேய்த்து மோந்த பிறகுதான் விலை கேட்பார்.

இந்தப் பழக்கம் பெங்களூரில் வந்தது. யுத்த காலத்தில் அங்கே ஒரு பீர் கம்பெனியில் ஹாப்ஸ் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. காயவைத்து, மூட்டையாக அமுக்கி, சீமையிலிருந்து கப்பலில் வரும். துளசிங்கம் ஒரு பூவை உருவித் தேய்த்து, "ஆங், ஜீவன் கீது" என்று தலையாட்டினால்தான் மூட்டை பீர் காய்ச்சும் கொப்பரைக்குப் போகும். ஆனால் பீர் ஒரு சொட்டுகூட அவர் நாக்கில் பட்டதில்லை. வேலைக்குப் போகுமுன் மலைமேல் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். ஊரில் ஒருவரும் இதை நம்பவில்லை. முருகனே படியிறங்கி வந்து சாட்சி சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கப்பலேற, துளசிங்கமும் ஒரு தகர டப்பா நிறைய ஹாப்ஸோடு ரயிலேறினார். இங்கேயோ மதுவிலக்கு, கள்ளுக்கடைகூட மூடிக் கிடந்தது. மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தேங்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பீர் காய்ச்சும் கதையைச் சொல்லியனுப்பினார்.

அது மகளின் தலையில் விடிந்தது. 'பீர் கம்பெனிக்காரர் வீடு' என்றே ஒரு வரன் தட்டிப் போயிற்று. அடுத்து அம்மையார்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் அப்பா தேசப்பனும், "குடிக்கிற வூட்ல சம்பந்தம் வெச்சிக்க மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பூவப் பத்திப் பேசாதீங்க. உங்க கால்ல வேணா வுழுறேன்" என்றாள் மனைவி கௌரியம்மாள். இந்த இடமும் போய்விட்டால் பெண்ணை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பயம் அவளுக்கு.

துளசிங்கம் பேசவில்லைதான். வந்தவர்களுக்குக் கேசரி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தது. பாழாய்ப்போன கை ஒரு வெற்றிலையை எடுத்துக் கசக்கி மோந்துவிட்டது.

"இன்னாங்க அது?" என்றார் தேசப்பன்.

அவ்வளவுதான். தகர டப்பா வந்துவிட்டது.

"பொட்டைக் கொடியில பூக்கிறதுதாங்க வேணும். இதழுக்குள்ள மஞ்சளா பொடி கீது பாருங்க, சரக்கே அதான். முளைகட்டின பார்லிச் சாறு பாயசமாட்டம் தித்திக்கும். கொதிக்கச்சொல்ல மொதல்ல ஒரு பங்கு பூவப் போட்டா கசப்பு ஏறும், சீக்கிரம் கெடாது. எறக்கச்சொல்ல இன்னொரு பங்கு, அது வாசனைக்கு."

கதவுக்குப் பின்னால் கௌரியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வேப்பெண்ணெ கணக்கா கசக்கும் போல. எப்டித்தான் குடிக்கிறானுங்களோ!" என்று முடித்தார் துளசிங்கம்.

"சேச்சே, அவ்ளோ கசப்பு இல்லீங்க. மொத மொடக்குதான் அப்டி இருக்கும். அப்புறம்..."

தேசப்பன் சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

துளசிங்கம் சிரிக்கவில்லை. அவர் அப்பாவியா, அழுத்தக்காரரா என்று கௌரியம்மாளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பூவை எடுத்து, பரபரவென்று தேய்த்து, உள்ளங்கையை நீட்டினார்.

"மோந்து பாருங்க, சம்மந்தி."

தேசப்பன் மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் கைக்குள் தம் மூக்கைப் புதைத்துக்கொண்டார்.