பெயர் எழுதாத முறைப்பாடு

ஒரு பை நிறைய உறைந்த வெண்டிக்காய். அதைக் கையில் ஏந்தியபடி பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கள் வேலியோரம் நின்ற காட்சி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் குளிர்காலம். நாங்கள் சிட்னியில் நார்த்மீட் பகுதிக்குக் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஜப்பானியர், அறுபது வயது கடந்தவர், கணவரை இழந்து தனியாக இருந்தார். என் பிள்ளைகளுக்கு அவர் ஜப்பான் அன்ரி. வெண்டிக்காய் எங்கே வாங்கலாம் என்று முதல் வாரம் என்னிடம் கேட்டிருந்தார். ஹரிஸ் பார்க்கில் உள்ள இந்தியக் கடையைச் சொல்லியிருந்தேன். அதற்கு நன்றி சொல்ல வந்தவரிடம் பால்கறி வைக்கும் முறையை நான் விளக்கத் தொடங்க, அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சாப்பிட இல்லை. கடுதாசி செய்ய” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்றே தன் கராஜுக்குக் கூட்டிப் போனார். பின்வேலியோரம் அவர் வளர்த்திருந்த மரங்கள் மல்பெரிக்கு உறவானவை. இலை உதிர்ந்ததும் கிளைகளை வெட்டி, பட்டையை உரித்து, பானையில் சாம்பல் தண்ணீர் ஊற்றி அவித்து, கழுவி, கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கி, மரக்கட்டையால் அடித்துப் பஞ்சாக்குவார். அந்தப் பஞ்சைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கலந்து, வெண்டிக்காயின் வழுவழுப்பை ஊற்றி, மூங்கில் தட்டியால் அள்ளி அசைப்பார். தட்டியில் பாலாடைபோல் மெல்லிய படலம் படியும்; அதுதான் தாள். ஈரத் தாளின்மேல் ஈரத் தாளாக அடுக்கினாலும் ஒட்டிக்கொள்ளாமல் பிறகு தனித்தனியே உரிந்து வருமாம். எப்படி என்று கேட்டேன். பையைக் காட்டினார். காய்ந்த தாள் ஒன்றை என்னிடம் தந்து கிழிக்கச் சொன்னார். துணியை இழுப்பதுபோல் இழுத்தும் அது எளிதில் கிழிபடவில்லை.

இதையெல்லாம் ஏன் விளக்கமாக எழுதுகிறேன் என்றால், அந்தப் பானைக்குள் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் என் கணவரின் அக்கா மெல்பேர்னிலிருந்து முதல்முறையாக எங்கள் புதுவீடு பார்க்க வந்தா. அன்றைக்கென்று பார்த்து ஜப்பான் அன்ரி பட்டை அவித்தார். மச்சாள் மூக்கைச் சுளித்தா. “என்ன மணமப்பா இது? பக்கத்து வீட்டில மாட்டுத்தோலோ அவிக்கினம்? இதுக்குள்ளயோ வீடு வாங்கினனீங்கள்?” எனக்கு முகம் எரிந்தது. அந்த மரத்தின் வேர்க்கன்றுகளும் வேலிக்கு அடியால் வந்து என் ரோசாப் பாத்தியில் முளைத்திருந்தன.

“நேர போய்ச் சொல்லுமன். நல்ல மனுசி, கேப்பா” என்றார் கணவர்.

நான் போகவில்லை. கணினியின் முன் உட்கார்ந்து நகரசபைக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். கராஜில் யாரோ இரசாயனம் அவிக்கிறார்கள், கழிவு வடிகாலுக்குள் போகிறது, சிறு பிள்ளைகளோடு பயந்து வாழ்கிறோம். ‘இரசாயனம்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். பெயரை எழுதவில்லை.

சில வாரங்களில் நகரசபை ஆட்கள் வந்து கராஜையும் பின்வேலி மரங்களையும் பார்த்துப் போனார்கள். பிறகு ஜப்பான் அன்ரிக்குக் கடிதம் வந்தது. கராஜில் அவிப்பதை நிறுத்த வேண்டும். வேலி தாண்டிப் பரவும் மரங்களை அகற்ற வேண்டும். அந்தக் கடிதத்தோடு அவர் என்னிடம்தான் வந்தார். என் ஆங்கிலம் நல்லது என்று நினைத்திருந்தார்.

எங்கள் குசினி மேசையில் அவரை இருத்தி, ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். சாம்பலைப் பற்றி, வெண்டிக்காயைப் பற்றி, அந்தக் கலையின் பெருமையைப் பற்றி எழுதினேன். நல்ல கடிதம். ஆனால் உதவக்கூடியது ஒன்றுதான்: அந்த முறைப்பாட்டில் நான் எழுதியது பொய் என்று என் பெயரில் ஒரு வரி. அவர் என் கையைத் தொட்டு, எதிர்வீட்டுப் பக்கம் நாடியை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைக்கார முதியவர் இருந்தார். ஒருமுறை மணத்தைப் பற்றிப் பகிடியாக ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்.

“முறைப்பாடு செய்தது அவர்தான். எனக்குத் தெரியும்” என்றார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன்.

கடிதம் பலிக்கவில்லை. ஆட்கள் வந்து மரங்களை வெட்டி, தூளாக்கும் இயந்திரத்துக்குள் தள்ளியபோது நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். ஜப்பான் அன்ரி ஒரு கிளையை எடுத்து, நகத்தால் பட்டையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குவியலில் வைத்தார். அதன்பின் அந்தக் கராஜில் கடுதாசி செய்யப்படவில்லை. எதிர்வீட்டுக்காரரின் வணக்கத்துக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

2013இல் அவர் தன் மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் புறப்பட்டபோது, மீந்திருந்த தாள்களை ஒரு துணியில் சுற்றி என்னிடம் தந்தார். “என் பக்கம் நின்றது நீங்கள் மட்டும்தான்” என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவற்றில் நான் இன்றுவரை ஒன்றும் எழுதியதில்லை. கணவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை.

வீட்டுச் சாமான் ஏற்றிய லொறி போன மறுநாள், எதிர்வீட்டு முதியவர் தெருவைக் கடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். “நீ அவளுக்கு நெருக்கமாக இருந்தாய். நான் ஏதும் பிழை விட்டேனா? இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போதும் சொல்லவில்லை.”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். முழங்கால் நோவுக்காரர், மெதுவாகத்தான் நடப்பார். அவர் தன் வீட்டுப் படி ஏறிக் கதவைச் சாத்தும்வரை, கூப்பிடுவதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது.